வீடு, மனை, வாடகை: கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

மனைப்பிரிவு வரைபடத்தோடயும் கட்டட அனுமதிக் கோப்போடயும் 31 வருஷம் ஓட்டியவன் நான். சென்னையில வீடு ஏன் கைக்கு எட்டாம போகுது, என்ன செய்யலாம்னு கேளுங்க. வாஸ்து வேண்டாம். "எந்த பில்டர் நல்லவர்" வேண்டவே வேண்டாம்.

மடிப்பாக்கத்துக்காரர்: 800 சதுர அடி ஃபிளாட் 75 லட்சம் சொல்றாங்க சார். ரெண்டு சம்பளம் வந்தும் மூச்சு முட்டுது. சிமெண்ட் விலைதான் காரணமா?

சிமெண்டைத் திட்டாதீங்க. ஒரு கிரவுண்டு எடுத்துக்குங்க, 2400 சதுர அடி. எஃப்.எஸ்.ஐ.ன்னா மனை அளவைப் போல எத்தனை மடங்கு கட்டலாம்ங்கற கணக்கு. அது 2 என்றால் 4800 சதுர அடி கட்டலாம். 800 வீதம் ஆறு வீடு. ஆளுக்கு 400 சதுர அடி மண் பாகம், அதுதான் யூ.டி.எஸ். மனை விலை சதுர அடி 10,000னு வச்சுக்குவோம். மண்ணுக்கே 40 லட்சம் ஆச்சு. கட்டுமானம் 2,500 வீதம் 20 லட்சம். மேல இருக்கிற 15 லட்சம் பில்டரோட வட்டி, அனுமதிச் செலவு, லாபம். ப்ரீகாஸ்ட் (முன்கூட்டியே வார்த்த காங்கிரீட்), ஏ.ஏ.சி. பிளாக் (எடை குறைஞ்ச கல்)னு புதுசு புதுசா செஞ்சு கட்டுமானத்துல பத்து சதவீதம் மிச்சம் பிடிச்சாலும் 2 லட்சம்தான் இறங்கும். அதே பத்து சதவீதம் மண்ணுல இறங்கினா 4 லட்சம். வீட்டு விலைன்னு நாம சொல்றது பெரும்பாலும் மண் விலை. பத்திரத்துல யூ.டி.எஸ். எத்தனை சதுர அடின்னு எழுத்தால எழுதியிருக்கான்னு பாருங்க. கட்டடம் பழசாகும், கடைசியில உங்களுக்கு நிக்கறது அதுதான்.

ஆவடியிலிருந்து: மத்திய அரசு வட்டி மானியம் இன்னும் இருக்கா?

பழைய திட்டம் முடிஞ்சாச்சு. 2024 செப்டம்பர்ல வந்த பி.எம்.ஏ.ஒய். 2.0ல (பிரதமர் வீட்டு வசதித் திட்டம்) இருக்கு: குடும்ப வருமானம் ஆண்டுக்கு 9 லட்சத்துக்குள்ள, வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள்ள, கடன் 25 லட்சத்துக்குள்ள. அதுல முதல் 8 லட்சத்துக்கு 4% வட்டி மானியம், அதிகபட்சம் 1.80 லட்சம், அஞ்சு தவணையா வரும். நாட்டுல வேற எங்கயும் பக்கா வீடு இருக்கக் கூடாது.

வேளச்சேரி: வீட்டுக்காரம்மா பத்து மாச அட்வான்ஸ் கேக்கறாங்க. சட்டம் இல்லையா?

இருக்கு. 2017ஆம் வருஷச் சட்டம், 2019ல அமலுக்கு வந்தது. ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதிக்கலைன்னா மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக் கூடாது. அந்த "எழுதிக்கலைன்னா"லதான் பத்து மாசம் நுழையுது. பேசிப் பாருங்க.

கொளத்தூர்: 2019 கட்டட விதிகள்ல எஃப்.எஸ்.ஐ. 1.5லிருந்து 2 ஆச்சு. அதிகம் கட்டலாம்னா விலை குறையணுமே? எங்க குறைஞ்சுது?

நல்ல கேள்வி, உட்காருங்க. 1.5ல அதே 800 சதுர அடிக்கு 533 சதுர அடி மண் வேணும். 10,000 வீதம் 53 லட்சம். 2 ஆனதும் 400 போதும், 40 லட்சம். 13 லட்சம் மிச்சம். அந்த மிச்சம் யார் கைக்குப் போகும்? மனைக்காரருக்கும் கணக்குத் தெரியும். "இப்ப இதுல ஆறு வீடு வருமே"ன்னு சதுர அடிக்கு 13,000க்கு மேல கேப்பார். 400ஐப் பெருக்குங்க, பழைய 53 லட்சத்துலயே வந்து நிக்கும்.

அண்ணா நகர் (கட்டுமானத் தொழில்): சார் சொல்றது பாதி நியாயம். ஊர் முழுக்க உயர்த்தினா மனைக்காரங்களுக்குள்ளயே போட்டி வரும். எல்லாரும் 13,000 கேட்டா யார் வாங்குவா?

ஒத்துக்கறேன். ஒரு தெருவுல மட்டும் உயர்த்தினா லாபம் அத்தனையும் மனைக்காரருக்கு. ஊர் முழுக்க உயர்த்தினா, காலப்போக்குல கொஞ்சம் வாங்கறவங்களுக்கும் வரும். ஆனா போட்டி வரணும்னா விக்கணுமே! எங்க தெருக் கோடியில ஒரு மனை இருபது வருஷமா முள்ளு மண்டிக் கிடக்கு. சும்மா வச்சிருக்கறதுக்கு ஆகற செலவு ஒண்ணுமில்ல. அவர் எதுக்கு அவசரப்படணும்? காலிமனை வரி உறைக்கிற மாதிரி இருந்தா நீங்க சொல்ற போட்டி வரும்.

அண்ணா நகர்: வரி போட்டா அதையும் விலையில ஏத்துவாங்க.

வித்தா ஏத்தலாம், விக்காம வச்சிருந்தா வருஷா வருஷம் அவர்தான் கட்டணும். மத்தவங்களும் காத்திருக்காங்க, அப்புறம் வர்றேன்.

குரோம்பேட்டை: மானியம் கிடைக்குமா?

ஆவடிக்காரருக்குச் சொன்னதைப் படிங்க.

சிங்கப்பூர், ஈசூன்: இங்க பெரும்பாலானவங்க எச்.டி.பி.ங்கற அரசு வீட்டு வாரியம் கட்டின வீட்டுலதான் இருக்கோம். நம்ம ஊர்ல ஏன் முடியலண்ணே?

தம்பி, எச்.டி.பி. 1960ல வந்தது. எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. அரசு மலிவா நிலம் எடுக்க வழிவிட்ட 1966 நில எடுப்புச் சட்டத்தை யாரும் சொல்றதில்ல. இன்னைக்கு அந்தத் தீவுல சுமார் 90% நிலம் அரசோடது. வாங்கறவங்களுக்கும் 99 வருஷக் குத்தகைதான். இங்க 2013 சட்டப்படி நகரத்துல நிலம் எடுத்தா சந்தை மதிப்புக்கு இரட்டிப்பாக் கொடுக்கணும். கொடுக்கறது நியாயம்தான், ஆனா மலிவு வீடு அங்கேயே செத்துப்போச்சு.

அம்பத்தூர்: பெண்கள் பேர்ல பதிஞ்சா சலுகையாமே?

2025 ஏப்ரலிலிருந்து பதிவுக் கட்டணத்துல 1% குறைவு, சொத்து மதிப்பு 10 லட்சத்துக்குள்ள இருந்தா. சென்னைக்குள்ள 10 லட்சத்துக்கு கார் நிறுத்தற இடம் தேறலாம்.

பெரும்பாக்கத்திலிருந்து: 2015 வெள்ளத்துக்கு அப்புறம் அடையாற்றுக் கரையிலிருந்து எங்களை இங்க எட்டு மாடிக்குக் கொண்டுவந்தாங்க. அம்மா நாலு வீட்டுல வேலை பார்த்தவங்க, ரெண்டை விட்டுட்டாங்க. பஸ்ஸுல போய்வரவே பொழுது போயிடுது. வேற வழியே இல்லையா ஐயா?

இருந்தது அம்மா. குடிசை மாற்று வாரியம் 1970ல வந்தப்ப ஊருக்குள்ளேயே மாடி வீடு கட்டினாங்க. 1977ல உலக வங்கிக் கடனோட இன்னொண்ணு செஞ்சாங்க: அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர். வீடு கட்டித் தரல, மனையைத் தந்தாங்க. ஒரு கிரவுண்டுல கால்வாசி கூட இல்லாத மனை, குழாய், கழிப்பறை, சாக்கடை, தெரு. பெரிய மனைகளைச் சந்தை விலைக்கு வித்து அந்தக் காசுல சின்ன மனைகளைத் தாங்கினாங்க.

தொண்ணூறுகள்ல அரும்பாக்கம் எம்.எம்.டி.ஏ. காலனியில அளவெடுக்கப் போனேன். ஒரு வீட்டு வாசல்ல தையல் மிஷின். உள்ள ஒரே அறை, மேல பாதி காங்கிரீட், பாதி ஆஸ்பெஸ்டாஸ். வெளியே செங்குத்தா இரும்புப் படி, மாடியில வாடகைக்குக் குடும்பம். தரைத்தளம் கட்டி ஒன்பது வருஷம் கழிச்சுத்தான் மாடின்னார் வீட்டுக்காரர். சீட்டு எடுத்து, சீட்டு எடுத்துக் கட்டியிருக்கார். எட்டு மாடியில அப்படி ஒரு அறை கூட்ட முடியுமா? மாடிப்படி அடியில தையல் மிஷின் போட்டாலே நோட்டீஸ் ஒட்டுவாங்க.

அண்ணா நகர்: மனையைக் கொடுத்தா வித்துட்டுப் போயிடுவாங்க சார். வித்தாங்களே!

வித்தவங்க இருக்காங்க. அண்ணா நகர்ல மனை ஒதுக்கீடு வாங்கினவங்க யாரும் விக்கலையா? அவங்களை ஏன் யாரும் கேக்கறதில்ல?

அண்ணா நகர்: அது வேற சார்.

எப்படி வேற?

போரூர்: 1100 சதுர அடி ஃபிளாட், யூ.டி.எஸ். 240 சதுர அடி. அட்வான்ஸ் கொடுத்தாச்சு. சரியா?

மாடி எத்தனை, அனுமதி எந்த எஃப்.எஸ்.ஐ.க்கு, எதுவும் எழுதலையே. எஃப்.எஸ்.ஐ. 2 கட்டடம்னா 550 கிட்ட வரணும், பாதிக்கும் கீழ நிக்கிறீங்க. உயரமான அடுக்குமாடிக்கு உள்ள 3.25 என்றாலும் 338 வரணும். மீதி மண் யார் பேர்ல இருக்குன்னு நாளைக்குக் காலையில முதல் வேலையா எழுத்துல கேளுங்க. பதில் வர்ற வரைக்கும் அடுத்த தவணை கட்டாதீங்க.

பல்லாவரம்: சார், மானியம்...

ஆவடி.