அவிழ்த்துவிட்டால் போதுமா? கால்நடை மருத்துவர் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே ரகம். கட்டிப்போட்டு அடிக்கிறார்கள், பட்டினி போடுகிறார்கள், பார்க்கப் பொறுக்காமல் தூக்கி வந்துவிட்டேன், இனி என்ன செய்ய? கடைசிக் கேள்வியைக் கேட்பவர்களை எனக்குப் பிடிக்கும். தூக்கி வருவது பத்து நிமிட வேலை. அதற்கப்புறம் வரும் பத்து வாரத்தைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறேன்.

பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் ஒரு நாயை இரண்டடிச் சங்கிலியில் கட்டியே வைத்திருக்கிறார்கள். நிழல் கிடையாது. தண்ணீர்ச் சட்டி பாதி நாள் காய்ந்து கிடக்கிறது. ராத்திரியோடு ராத்திரியாக அவிழ்த்துவிடலாமா என்கிறான் என் மகன். (கோவை வாசகி)

வேண்டாம் என்று சொல்லுங்கள். அடுத்தவர் நாயில் கை வைத்தால் புகார் உங்கள் மேல் திரும்பும். அதைவிட முக்கியம், வருஷக்கணக்கில் மாடியிலேயே கிடந்த நாய்க்குத் தெரு தெரியாது. முதல் நாளே ஏதாவது வண்டியில் மாட்டும்.

முதலில் பேச்சு. "இப்படிக் கொடுமைப்படுத்துறீங்களே" என்று ஆரம்பித்தால் கதவு சாத்தப்படும். "வெயில்ல ரொம்பக் கத்துதுங்க, மத்தியானம் நான் வேணா வந்து தண்ணி வைக்கட்டுமா?" என்று கேட்டுப் பாருங்கள். குட்டியாக ஆசைப்பட்டு வாங்கி, வளர்ந்ததும் சமாளிக்க முடியாமல் மாடியில் ஏற்றிய வீடுகள்தான் அதிகம். அவர்களில் பலர் சாவியைக் கொடுத்துவிடுவார்கள். சிலர் நாயையே கொடுத்துவிடுவார்கள். அப்படிக் கொடுத்தால் கைப்பட நாலு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மசியவில்லை என்றால் தேதியோடு போட்டோ, வீடியோ எடுத்துக்கொண்டு காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், 1960. அதன் 11ஆம் பிரிவில் நியாயமில்லாத அளவுக்குக் கட்டிவைப்பது, குட்டைச் சங்கிலி, தீனி தண்ணீர் நிழல் கொடுக்காதது எல்லாமே குற்றம். ராஜ்யசபாவில் 1950களில் நடனக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல் தனிநபர் மசோதா கொண்டுவந்து போராடியதன் பலன் அந்தச் சட்டம். ஆனால் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய் என்று எப்போதோ எழுதியது இன்றும் அப்படியே நிற்கிறது. இரண்டு டீ, ஒரு வடை. இதைச் சொல்லி வாயை மூட வைக்கப் பார்ப்பார்கள். விலங்கைக் கொன்றாலோ ஊனப்படுத்தினாலோ புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவு வரும், ஐந்து வருஷம் வரை சிறை. மற்றபடி, வீட்டு வாசலில் போலீஸ் வந்து நின்றாலே முக்கால்வாசி வேலை முடிந்துவிடும்.

குடிகாரர் ஒருவர் அடித்துக்கொண்டிருந்த பெட்டை நாயைப் பேசி வாங்கி வந்தோம். பத்து நாளாகக் கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறது. நான் துடைப்பத்தை எடுத்தால் அங்கேயே சிறுநீர் போய்விடுகிறது. என் மேல் ஏன் இன்னும் நம்பிக்கை வரவில்லை? (மதுரை வாசகி)

நீங்கள் காப்பாற்றியது அதற்குத் தெரியாதே அம்மா. தெரியாத ஆட்கள் தூக்கி, தெரியாத வீட்டில் விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான் அதன் கணக்கு. பத்து நாள் ஒன்றுமே இல்லை.

எங்கள் வீட்டுக்கு ஒரு செவலை நாய் இப்படித்தான் வந்தது. அதற்குத் துடைப்பம்கூட வேண்டாம், நான் பெல்ட் மாட்டும் சத்தமே போதும், பீரோவுக்குப் பின்னால் போய்விடும். தினமும் காலையில் அது இருக்கும் அறையில் தரையில் உட்கார்ந்து பேப்பர் படிப்பேன். அதன் பக்கம் முதுகைக் காட்டி, கொஞ்சம் சாய்ந்தாற்போல. பேசமாட்டேன், கூப்பிடமாட்டேன். எழும்போது இரண்டு துண்டு வேகவைத்த முட்டையைத் தரையில் வைத்துவிட்டு வெளியே வந்துவிடுவேன். பதினேழாம் நாளோ என்னவோ, படித்துக்கொண்டிருக்கும்போது குதிகாலில் ஈரமாக ஏதோ பட்டது. மூக்கு. திரும்பிப் பார்க்க ஆசைதான், பார்க்கவில்லை. பேப்பரைக்கூடப் புரட்டவில்லை.

கட்டிலுக்கு அடியிலிருந்து இழுக்காதீர்கள். இப்போதைக்கு அதுதான் அதன் வீடு. பழைய சாக்கோ போர்வையோ உள்ளேயே போடுங்கள். சாப்பாட்டு நேரம் மாறக் கூடாது. கண்ணுக்கு நேராகப் பார்ப்பதும், மேலே குனிந்து தலையைத் தடவுவதும் அன்பு என்று நாம் நினைக்கிறோம். அடிபட்ட நாய்க்கு மேலிருந்து இறங்கும் கை எதுவும் அடிக்கும் கைதான். அதுவாகப் பக்கத்தில் வரும் நாளில் தாடைக்குக் கீழே, நெஞ்சுப் பக்கமாக, மெல்லச் சொறிந்துவிடுங்கள். இரண்டு நொடியில் கையை எடுங்கள். இன்னும் வேண்டும் என்றால் அதுவே நெருங்கும்.

துடைப்பத்துக்கு ஒரு வழி இருக்கிறது. அதை நிற்க வைக்காமல் தரையில் படுக்கப்போட்டு, பத்தடி தள்ளிச் சாப்பாட்டை வையுங்கள். பயமில்லாமல் தின்றால் மறுநாள் ஒரு சாண் கிட்டே. தின்னாமல் தயங்கி நின்றுவிட்டால் பழைய தூரத்துக்கே போங்கள். கடைசியில் துடைப்பத்தின் மேலேயே பிஸ்கட்டைப் பொறுக்கும். மாதக்கணக்கு ஆகலாம். அதுவரை அது இருக்கும் அறையைப் பெருக்காவிட்டால் குடி முழுகிவிடாது.

இதற்கு நடுவில் ஒரு தடவை கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பயம் என்று நாம் நினைப்பதில் பாதி வலியாக இருக்கும். தொட்டாலே சீறும் என்று கொண்டுவந்த நாய்க்கு எக்ஸ்ரேயில் விலா எலும்பு முறிந்து கோணலாகச் சேர்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் வாசல் கேட். இப்படி வரும் நாய்கள் முதல் சில வாரத்தில்தான் ஓடிப்போகும். தீபாவளி பக்கத்தில் இருந்தால் கேட்டுக்கு இரட்டைத் தாழ்ப்பாள் போடுங்கள்.

பூட்டிய கடைக்குள் பல நாள் கிடந்த நாயை மீட்டோம், எலும்பும் தோலும். வயிறு நிறையக் கோழிச்சோறு போட்டோம். இரண்டே நாளில் இறந்துவிட்டது. விஷம் வைத்திருப்பார்களா? (திருப்பூர் வாசகர்)

பரிசோதிக்காமல் காரணம் சொல்ல முடியாது. ஆனால் சாப்பாடே காரணமாக இருக்கலாம், மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். நீண்ட பட்டினிக்குப் பிறகு திடீரென்று நிறைய உணவு போனால் ரத்தத்தில் பாஸ்பரஸ், பொட்டாசியம் அளவு சரிந்து இதயம் தடுமாறும். இரண்டாம் உலகப்போர் முடிந்து மீட்கப்பட்ட கைதிகளிடமே இதைக் கண்டிருக்கிறார்கள். அடுத்த முறை முதல் வேலை மருத்துவர். உணவை அவர் சொல்லும் அளவில், அதற்கு வேண்டியதில் கால் பங்கில் தொடங்கி, ஐந்தாறு வேளையாகப் பிரித்துக் கொடுத்து, நாளாக ஆகக் கூட்டுங்கள்.

எங்கள் ஊரில் பாரவண்டி இழுக்கும் மாடு ஒன்றுக்குக் கழுத்தில் பெரிய புண். அதன் மேலேயே நுகத்தடி வைக்கிறார். கேட்டால் "என் பொழப்பு" என்கிறார். (கரூர் வாசகர்)

புண்ணோடு வேலை வாங்குவது அதே 11ஆம் பிரிவில் குற்றம். பாரம் இழுக்கும் விலங்குகளுக்கென்று 1965ஆம் வருஷ விதிகளும் உண்டு. ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் கூடாது, தொடர்ந்து ஐந்து மணிக்கு மேல் கூடாது, வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடத்தில் பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை பூட்டவே கூடாது. ஆணி வைத்த தார்க்குச்சிக்கும் தடை இருக்கிறது.

சட்டம் அப்படி. ஆனால் "பொழப்பு" என்று அவர் சொல்வதும் பொய்யில்லை. அந்த மாடு விழுந்தால் அவர் வீட்டில் உலை கொதிக்காது. அதையே பிடித்துக்கொண்டு பேசுங்கள். கழுத்துப் புண்ணுக்கு மருந்தைவிட ஓய்வுதான் மருந்து. நுகத்தடி கரடுமுரடாக இருந்தால் இழைத்து வழவழப்பாக்க வேண்டும், இரண்டு மாட்டுக்கும் உயரம் ஒத்துப்போகிறதா என்றும் பார்க்க வேண்டும். 1962க்குப் போன் செய்தால் கால்நடை ஆம்புலன்ஸ் ஊருக்கே வரும், காசு கிடையாது. வண்டிக்காரரையும் கூடவே நிற்க வைத்து மருந்து போடச் சொல்லுங்கள். அவர் கையால் கழுவிய புண் மேல் அவருக்கே நுகத்தடி வைக்க மனசு வராது. எப்போதும் பலிக்கும் என்று சொல்லமாட்டேன். பலிக்காத இடத்தில் புகார்தான்.

கடையில் றெக்கை வெட்டிய பச்சைக்கிளி. வாங்கிப் பறக்கவிடலாமா?

வாங்காதீர்கள். நீங்கள் ஒன்று வாங்கினால் கடைக்காரர் நாளைக்கு இரண்டு பிடித்துவரச் சொல்வார். வெட்டிய இறகு உதிர்ந்து புதிது முளைக்கும்வரை அதனால் பறக்க முடியாது, காக்காய்க்கும் பூனைக்கும்தான் இரை. நம் ஊர்க் கிளியை விற்பதும் வளர்ப்பதும் 1972 வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வனத்துறைக்குச் சொல்லுங்கள். லவ் பேர்ட்ஸ் வேறு கதை.

தெருநாய்க்குப் புண்ணில் புழு. பெட்ரோல் ஊற்றச் சொல்கிறார்கள்.

சொல்பவர் தன் காயத்தில் ஊற்றிக் காட்டட்டும். பெட்ரோல், பினாயில், டர்பன்டைன் எதுவும் வேண்டாம், சதை வெந்துவிடும். நக்கினால் உள்ளேயும் போகும். புழுவுக்கென்றே கால்நடை மருந்துக் கடையில் ஸ்பிரே இருக்கிறது. மேலே பத்துப் புழு தெரிந்தால் உள்ளே நூறு இருக்கும் என்று வைத்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டுங்கள். பூனையாக இருந்தால் டெட்டாலும் ஆகாது, பாராசிட்டமால் அரை மாத்திரையும் ஆகாது. இரண்டுமே அதற்கு விஷம்.

சாக்கில் கட்டி வீசிய கண் திறக்காத மூன்று பூனைக்குட்டிகள். பசும்பால் தரலாமா?

முதலில் சூடு, பிறகுதான் பால். உடம்பு சில்லென்று இருக்கும் குட்டிக்குப் பால் செரிக்காது. துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டில் பக்கத்தில் வைத்துக் கதகதப்பு வந்தபின் ஊட்டுங்கள். பசும்பால் பேதியாக்கும், குட்டிகளுக்கான பால்மாவு கிடைக்கிறது. குப்புற வைத்து ஊட்ட வேண்டும், மனிதக் குழந்தை மாதிரி மல்லாத்தினால் நுரையீரலுக்குப் போய்விடும். ஒவ்வொரு வேளைக்கும் அப்புறம் வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் பின்பக்கம் துடைத்துவிடுங்கள். தாய் நக்கிவிடாமல் அதுகளுக்குச் சிறுநீர் வராது. ராத்திரியும் இரண்டு மூன்று மணிக்கொரு முறை எழ வேண்டும்.

சாக்கடையில் விழுந்த நாயைத் தூக்கும்போது கையில் கடித்துவிட்டது. லேசாகத்தான் ரத்தம். மூன்று நாள் ஆகிறது. ஊசி தேவையா? (வேலூர் வாசகர்)

கடிதத்தைப் பார்த்ததுமே இவரைப் போனில் பிடித்துத் துரத்திவிட்டேன், ஊசி போட்டுவிட்டார். மற்றவர்களுக்காக எழுதுகிறேன். கடித்த உடனே சோப்புப் போட்டு ஓடும் குழாய்த் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கழுவுங்கள், இல்லாவிட்டால் இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவீர்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். அன்றைக்கே அரசு மருத்துவமனை. ரத்தம் வந்திருந்தால் தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற தயார்நிலை எதிர்ப்புச் சக்தி ஊசியும் போட வேண்டும். ரேபிஸ் வந்தபின் பிழைப்பது கிட்டத்தட்ட இல்லை. நாயைப் பத்து நாள் பார்த்துவிட்டு ஊசி போடலாம் என்று காத்திருக்காதீர்கள், போட்டுக்கொண்டே பாருங்கள்.

அடிக்கடி மீட்கப் போகிறவர்கள் கடிபடுவதற்கு முன்னாலேயே தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம், எங்கள் தொழிலில் அதுதான் வழக்கம். அப்புறமும் கடித்தால் இரண்டு ஊசி உண்டு, ஆனால் காயத்தைச் சுற்றிப் போடும் அந்த ஊசியின் வலி இருக்காது.