ப்ளூ லகூனை விட்டுவிட்டு மால்டாவில் ஐந்து இரவு

கேள்வி: செப்டம்பர் கடைசி வாரத்தில் ஐந்து இரவு மால்டா போகிறோம். நான், மனைவி, எட்டு வயது மகள், என் அம்மா. அம்மாவுக்கு முட்டிவலி, சுத்த சைவம், முட்டையும் தொடமாட்டார். எந்த வீடியோவைப் பார்த்தாலும் ப்ளூ லகூன், வலேட்டா என்று அதையேதான் காட்டுகிறார்கள். அதிகம் பேர் போகாத இடங்கள் என்ன இருக்கின்றன? கார் எடுக்க வேண்டுமா?

பதில்: முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், யாருக்குமே தெரியாத இடம் என்று மால்டாவில் எதுவும் கிடையாது. மால்டா, கோசோ, ப்ளூ லகூன் இருக்கும் கொமினோ என்று மூன்று தீவும் சேர்ந்தே 316 சதுர கிலோமீட்டர்தான். 2024இல் மட்டும் அங்கே 35 லட்சத்துக்கு மேல் சுற்றுலாப் பயணிகள் வந்து போயிருக்கிறார்கள். ஒளிந்துகொள்ள இடம் ஏது? ஆனால் அந்தக் கூட்டம் ஆட்டு மந்தை மாதிரி ஒரே நேரத்தில் ஒரே பாதையில்தான் நகரும், காலை பத்து மணிக்குப் படகேறி மாலை ஆறுக்குள் ஹோட்டலுக்குத் திரும்பிவிடும். அதனால் நீங்கள் எங்கே போகிறீர்கள் என்பதைவிட எந்த ஊரில் இரவு தங்குகிறீர்கள் என்பதுதான் பெரிய விஷயம். மூன்று இரவு, தலைநகர் வலேட்டாவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பழைய ஊரான பிர்குவில், இரண்டு இரவு கோசோவில் தங்குங்கள். கூட்டம் தங்கும் ஸ்லீமா, செயின்ட் ஜூலியன்ஸ் பக்கம் ஏற்கெனவே அறை போட்டிருந்தால் ரத்து செய்ய முடிகிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

அடுத்த வேலை, ஹால் சஃப்லியேனி ஹைப்போஜியத்துக்கு முன்பதிவு. விமான டிக்கெட்டுக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை என்றுகூடச் சொல்வேன். பாவ்லா என்ற சாதாரணக் குடியிருப்புப் பகுதியில், தெருவோர வீடுகளுக்கு அடியில், பாறையைக் குடைந்து மூன்று அடுக்காகச் செய்த ஐயாயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட இடுகாடு அது. 1902இல் வீடு கட்டுகிறவர்கள் தண்ணீர்த்தொட்டிக்குத் தோண்டும்போதுதான் கண்ணில் பட்டது. உள்ளே மேற்கூரையில் செங்காவியில் வரைந்த சுருள்கள் இருக்கின்றன. ஆட்கள் மூச்சுவிடும் ஈரத்திலேயே அந்த ஓவியம் கெட்டுவிடும் என்பதால் ஒரு தடவைக்குப் பத்துப் பேர், ஒரு நாளைக்கு எண்பது பேர், அவ்வளவுதான் விடுகிறார்கள். நான் முதல் தடவை போனபோது இது தெரியாமல் நேரே வாசலில் போய் நின்று, வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். ஆறு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளை விடமாட்டார்கள், உங்கள் மகளுக்குப் பிரச்சினை இல்லை. படிகள் உண்டு, அம்மா நிதானமாக இறங்க வேண்டும். கேமராவும் போனும் கூடாது, அதனால்தான் வீடியோக்களில் இந்த இடம் வருவதே இல்லை. டிக்கெட் கிடைக்காவிட்டால், அங்கே கிடைத்த கை அகலச் சுடுமண் சிற்பம் ஒன்று, ஒரு பெண் கட்டிலில் ஒருக்களித்துத் தூங்குகிற மாதிரி, வலேட்டா தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதையாவது பாருங்கள்.

இதே காலத்துச் சமாச்சாரம் தரைக்கு மேலும் உண்டு. ஹஜர் இம், இம்னைத்ரா என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கற்கோயில்கள், எகிப்தின் பெரிய பிரமிடைவிட ஏறக்குறைய ஆயிரம் வருஷம் மூத்தவை. இரவும் பகலும் சமமாக வரும் நாளில் உதயசூரியனின் வெளிச்சம் இம்னைத்ராவின் வாசல் வழியாக நேராக உள்ளே விழும்படி கட்டியிருக்கிறார்கள். செப்டம்பர் 22, 23 வாக்கில் அதைப் பார்க்க விடியற்காலையில் தனியாக அனுமதி கொடுப்பதுண்டு, கொஞ்சம் பேருக்குத்தான். உங்கள் பயணத்தை நாலு நாள் முன்னே நகர்த்த முடிந்தால் நகர்த்துங்கள், இதற்காக நகர்த்தலாம். முட்டி விஷயம்: ஹஜர் இம் நுழைவாயிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, இம்னைத்ராவுக்கு அரை கிலோமீட்டர் சரிவில் இறங்கிப் போய்த் திரும்ப ஏற வேண்டும்.

பிர்குவை ஏன் சொன்னேன் என்றால், செயின்ட் ஜான் வீரர்கள் என்ற கத்தோலிக்கப் போர்வீரர் சபையினர் 1530இல் தீவுக்கு வந்தபோது முதலில் குடியேறியது அங்கேதான். 1565 துருக்கிய முற்றுகை முடிந்த பிறகுதான் எதிர்க்கரையில் வலேட்டாவையே கட்டினார்கள். பழைய சந்துகள், பூத்தொட்டி வைத்த வாசல்கள், மாலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஊர்க்கதை பேசும் பாட்டிகள், இதெல்லாம் இன்னும் மிச்சம் இருக்கிறது. மதவிசாரணை அதிகாரியின் மாளிகைக்குப் போனால், சிறையறைச் சுவரில் கைதிகள் நகத்தாலும் கல்லாலும் கீறிவைத்த கப்பல்களையும் சிலுவைகளையும் பார்க்கலாம், உங்கள் மகள் ஆயிரம் கேள்வி கேட்பாள், தயாராகப் போங்கள். வலேட்டாவுக்குப் போக பஸ் வேண்டாம். பிர்கு கரையிலிருந்து திகாய்சா என்ற சின்னப் படகில் சில யூரோவுக்குத் துறைமுகத்தைத் தாண்டிவிடலாம், பெரிய பணம் கொடுத்து ஏறும் துறைமுகச் சுற்றுலாப் படகு காட்டுவதையே இதுவும் காட்டும். அக்கரையில் இறங்கியதும் 58 மீட்டர் உயரமுள்ள பராக்கா லிஃப்ட் அம்மாவைக் கோட்டை உச்சிக்கே கொண்டுபோய் விட்டுவிடும். வலேட்டாவைப் படியேறிப் பார்ப்பது அவருக்கு ஆகாது, சில தெருக்களே முழுக்கப் படிக்கட்டுதான்.

தெற்கே ஆர் டலாம் குகையைக் குழந்தைக்காகச் சேர்த்துக்கொள்ளுங்கள். தீவில் ஒரு காலத்தில் குள்ள யானையும் குள்ள நீர்யானையும் இருந்தன. சாப்பாடு குறைவு, வேட்டையாடும் பெரிய மிருகம் இல்லை, அதனால் தலைமுறை தலைமுறையாக உடம்பு சிறுத்துப்போன யானைகள். அவற்றின் எலும்புகள் இந்தக் குகையில் குவியல் குவியலாகக் கிடைத்தன, பக்கத்து அறையில் பற்களைப் பழைய பாணிக் கண்ணாடிப் பெட்டிகளில் வரிசை வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். குகைக்கு இறங்கப் படி உண்டு, அம்மா மேலே எலும்புகளோடு உட்காரட்டும்.

டிங்லி செங்குத்துப் பாறைக்கு எல்லாரும் சூரிய அஸ்தமனத்துக்குப் போகிறார்கள், நீங்களும் போங்கள், கடல் மட்டத்திலிருந்து 250 மீட்டர். ஆனால் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பி, பக்கத்தில் மிஸ்ராஹ் ஆர் இல்-கபீர் என்ற வெட்டவெளியில் இறங்கிவிடுங்கள். பாறையில் ஜோடி ஜோடியாக ஆழமான தடங்கள், மாட்டுவண்டிச் சக்கரம் போன மாதிரி, ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கில் ஓடும். ரயில் தண்டவாளம் பிரிவது போல இருக்கிறதே என்று பிரிட்டிஷ்காரர்கள் அதற்கு லண்டன் ரயில் நிலையத்தின் பெயரையே வைத்தார்கள், கிளாப்ஹாம் ஜங்ஷன். யார், எப்போது, எதற்காக என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் சண்டைபோட்டுக்கொண்டிருக்கிறார்கள். டிக்கெட் இல்லை, வேலி இல்லை. அங்கேயே இருக்கும் பெரிய குகையில் 1835 வரை குடும்பங்கள் வசித்தன. தரை கரடுமுரடு, நல்ல ஷூ போடுங்கள்.

கோசோவைப் பகல் பயணமாக முடித்துவிடுவதுதான் மால்டாவில் எல்லாரும் செய்யும் பெரிய தப்பு. மால்டாவின் வடமுனைத் துறையான சிர்கெவ்வாவிலிருந்து பெர்ரி 25 நிமிஷம், வலேட்டாவிலிருந்து வேகப்படகும் உண்டு, முக்கால் மணி. சிர்கெவ்வா பெர்ரியில் போகும்போது காசு கேட்கமாட்டார்கள், திரும்பும்போதுதான் டிக்கெட், பயந்துவிடாதீர்கள். பகல் பயணிகள் கிளம்பிய பிறகு கோசோவின் தலைநகரான விக்டோரியாவில் சித்தாதெல்லா கோட்டைச் சுவரில் ஏறிப் பாருங்கள், தீவு முழுவதும் சுற்றிலும் கீழே கிடக்கும், உங்களோடு நாலைந்து உள்ளூர்க்காரர்கள் இருந்தால் அதிகம். கல்கோயிலில் கோசோவும் குறை வைக்கவில்லை. ஜ்கன்தீயா என்றால் ராட்சதர்களுடையது என்று பொருள், ஐந்து மீட்டருக்கு மேல் நீளமான கற்களைப் பார்த்த ஊர்க்காரர்கள் மனுஷன் தூக்கியிருக்க முடியாது என்று முடிவு கட்டிவிட்டார்கள். அதே டிக்கெட்டில் 1725ஆம் வருஷத்துக் காற்றாலை ஒன்றையும் காட்டுவார்கள், மகளுக்கு அது பிடிக்கும்.

எனக்குக் கோசோவில் பிடித்தது மார்சல்ஃபோர்ன் தாண்டி உள்ள ஷ்வெய்னி உப்பளம். மண் பாத்தி கிடையாது, கடலோரப் பாறையிலேயே சதுரம் சதுரமாக வெட்டிய பாத்திகள், மூன்று நூற்றாண்டுக்கு மேல் பழையவை. கோடையில் கடல்நீர் வெயிலில் வற்றியதும் உப்பைத் துடைப்பத்தால் கூட்டி, குவித்து, மூட்டை கட்டுகிறார்கள், பரம்பரையாக இதே வேலை செய்யும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. காலை எட்டு மணிக்குள் போனால் அவர்களோடு பேசலாம். பாத்திக்குள் மட்டும் காலை வைக்காதீர்கள். அது அவர்களுடைய பிழைப்பு, படம் எடுக்கிற ஆசையில் மிதித்துவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கே எரிச்சலாக இருக்கும்.

மேற்குக் கரையில் த்வெய்ரா. பழைய படங்களில் வரும் அந்தப் பாறை ஜன்னல் 2017 மார்ச் 8 அன்று புயலில் கடலுக்குள் விழுந்துவிட்டது, அதைத் தேடிப் போகாதீர்கள். அதற்குப் பின்னால் இருக்கும் உள்கடல் என்ற சின்னக் குளத்திலிருந்து மீனவர் படகில் ஏறினால், மலைக்குள் ஒரு சுரங்கம் வழியாகப் புகுந்து திறந்த கடலுக்கு வரலாம், கால் மணி நேரம்தான். கடல் கொந்தளித்தால் படகு ஓடாது. எதிரே நிற்கும் தனிப்பாறையில் முளைக்கும் ஒரு செடியைக் காளான் என்று நினைத்து, ரத்தப்போக்குக்கு மருந்து என்று நம்பி, வீரர்கள் காலத்தில் காவல் போட்டுப் பாதுகாத்தார்கள். காளானும் இல்லை, மருந்தாகவும் தேறவில்லை.

குளிக்க ராம்லா விரிகுடா, செம்மணல், பஸ் பக்கத்திலேயே விடும். கடல்நீர் அப்போது 25 டிகிரி இருக்கும், நன்றாக நீந்தலாம். மால்டா பக்கத்தில் அய்ன் துஃபீஹா அழகானது, ஆனால் நீளமான படிக்கட்டு, அம்மாவோடு வேண்டாம். ப்ளூ லகூனுக்கு 2025 முதல் இணையத்தில் முன்பதிவு கட்டாயமாகிவிட்டது, இருந்தாலும் நான் போகச் சொல்லமாட்டேன்.

சாப்பாடு. பஸ்டிட்ஸி எங்கும் கிடைக்கும், நம்ம பப்ஸ் மாதிரி அடுக்கடுக்காக, மலிவு. ரிக்கோட்டா வைத்ததில் பெரும்பாலும் முட்டை சேர்ப்பார்கள், அம்மாவுக்குப் பட்டாணி வைத்ததை வாங்குங்கள். அதிலும் சில கடைகளில் மாவுக்குப் பன்றிக்கொழுப்பு போடுவார்கள், கேட்டுவிட்டு வாங்குங்கள், கேட்டால் தப்பாக நினைக்கமாட்டார்கள். ஃப்தீரா ரொட்டிக்குள் சூரை மீன் வைப்பதுதான் வழக்கம், வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். பிகில்லா என்ற பூண்டு போட்ட அவரை மசியலும், பேரீச்சம்பழம் வைத்துப் பொரிக்கும் இம்காரெட்டும் அம்மாவுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். ஜிபெய்னா என்ற ஆட்டுப்பால் சீஸில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள் சேர்ப்பதுண்டு, அதைச் சொல்லிவிடுகிறேன், முடிவு அவருடையது. வழியெல்லாம் சப்பாத்திக்கள்ளிப் பழம் பழுத்துத் தொங்கும், தோலுரித்து விற்பதை வாங்குங்கள், நீங்களே பறிக்கப் போனால் முள்ளெடுக்கவே ஒரு நாள் போய்விடும்.

கார் மால்டாவில் வேண்டாம், நம்மைப் போல இடதுபக்கம்தான் ஓட்டுகிறார்கள் என்றாலும் வண்டி நிறுத்த இடம் தேடியே விடுமுறை தீர்ந்துவிடும். பஸ் எல்லா ஊருக்கும் போகும், ஆனால் நிறைந்துவிட்டால் நிறுத்தாமல் போய்விடும், அப்போது செயலியில் டாக்சி கூப்பிடுங்கள். கோசோவில் ஒரு நாள் மட்டும் கார் எடுங்கள். அப்புறம் ஊர்ப்பெயர்: எழுத்தில் எக்ஸ் இருந்தால் 'ஷ்' என்று படியுங்கள், க்யூ இருந்தால் தொண்டையில் ஒரு சின்ன அடைப்போடு விழுங்கிவிடுங்கள். மால்டீஸ் அரபியிலிருந்து வந்த மொழி, ரோமன் எழுத்தில் எழுதுகிறார்கள். கத்தோலிக்கர்கள், தேவாலயத்தில் கடவுளை அல்லா என்றுதான் சொல்கிறார்கள். ஆங்கிலமும் ஆட்சிமொழி, பேச்சுக்குச் சிரமமில்லை. ப்ளக் பிரிட்டிஷ் மூன்று முனை, அடாப்டர் எடுத்துப்போங்கள்.

ஷ்வெய்னியில் உப்பு வாங்கினால் பெரிய பெட்டியில் வையுங்கள். பெயர் இல்லாத வெள்ளைப் பொட்டலத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு விமான நிலையச் சோதனையில் நின்றால், விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.