துரைக்கு எது பன்னிரண்டு மணி?

கேள்வி: எங்கள் ஊர்ப் பழைய சர்ச் கல்லறைத் தோட்டத்தில், திப்பு சண்டையில் செத்த வெள்ளைக்காரத் துரை ஒருவர் சரியாக இரவு 12 மணிக்குப் பிளந்த கல்லறையிலிருந்து எழுந்து, வாளோடு குதிரையில் வருவாராம். உண்மையா? (வாசகர், கிருஷ்ணகிரி)

பதில்: துரை இருக்கட்டும், அந்தச் ‘சரியாக’தான் இடிக்கிறது. எந்தக் கடிகாரப்படி 12? உங்கள் வாட்ச் காட்டும் இந்திய நேரம் வந்ததே 1906 ஜனவரி 1-ல். திப்புவோடு மோதிய ஆங்கிலேயத் தளபதி மேக்ஸ்வெல்லின் படை கிருஷ்ணகிரிக் கோட்டையைத் தாக்கி, மேல்கோட்டை ஏற முடியாமல் திரும்பியது 1791 நவம்பரில். அதில் செத்தவருக்கு, இந்திய நேரத்தைக் கணக்கிடும் 82½ பாகை தீர்க்கரேகை பற்றி என்ன தெரியும்? அவருக்கு இந்த ஊர்ச் சூரியன்தான் கடிகாரம். கிருஷ்ணகிரி 78.2 பாகை. பாகைக்கு 4 நிமிடம் என்று பெருக்கினால் 17 நிமிடம் பின்னால் இருக்கிறோம். ஆக, துரையின் நடுநிசி நமக்கு 12.17. அதுவும் சராசரிதான். பிப்ரவரி நடுவில் சூரியன் 14 நிமிடம் பிந்தும். துரை வர 12.31 ஆகிவிடும். 12.10 வரை நின்றுவிட்டு ‘பேயாவது பிசாசாவது’ என்று திரும்பியவர்கள் அவசரக்காரர்கள். நவம்பர் தொடக்கத்தில் சூரியன் 16 நிமிடம் முந்துவதால் 12.01. செத்த மாதத்தில் மட்டும் மனுஷர் நம் வாட்சுக்கு ஒத்துவருகிறார்!

தினசரி காலண்டர்காரர்களோடு நமக்குள்ள பழைய சண்டையும் இதுதான். ராகுகாலத்தைச் சூரிய உதயத்திலிருந்து எண்ண வேண்டும். ஜனவரிக் கடைசியில் இங்கே உதயமே 6.40 தாண்டித்தான். திங்கட்கிழமை ராகு 8 மணிக்கு மேல்தான் வருகிறார். அச்சில் மட்டும் வருஷம் முழுக்க 7.30.

துரை வாளோடு வருகிறார் என்பதும் சந்தேகம். அந்தக் காலத்துச் சிப்பாய்களை அதிகம் கொன்றது காய்ச்சலும் வயிற்றுப்போக்கும். செம்போடு வந்தால் நம்பலாம்.

வெள்ளை உருவம் பறந்ததென்றால், அது கூகை. முகமும் அடிவயிறும் வெள்ளை, சிறகுச் சத்தமே கேட்காது. மணிக்கூண்டில் குஞ்சு இருந்தால் இரவெல்லாம் ‘உஸ்ஸ்’ என்று சீறும். கீழே கறுப்பு உருண்டைகள் கிடக்கும். பிட்டுப் பாருங்கள், எலி எலும்பு.

பிளந்த கல்லறையிலிருந்து யாரும் எழுந்து வரவில்லை. செங்கல் மேடை, சுண்ணாம்புக் காரை, மேலே பலகைக்கல். காக்கை எச்சத்தில் விழுந்த அரசவிதை காரை இடுக்கில் முளைத்தால், வேர் பருத்துக் கல்லைத் தூக்கிவிடும். வெட்டினால் திரும்பத் தழையும். பருத்தபின் பிடுங்கினால் செங்கல்லும் கூட வரும். இரண்டு இலை விடும்போதே கிள்ளி எடுக்க வேண்டும்.

துரை நிஜமா என்பதற்குக் கல்லில் உள்ள வருஷத்தைப் பாருங்கள். எழுத்து மங்கியிருந்தால் ஆசிட் ஊற்றிக் கம்பி பிரஷ் போடாதீர்கள், மிச்சமும் போய்விடும். இருட்டியபின் டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பிடித்து, பக்கவாட்டில் அடியுங்கள். வெட்டின பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி நிற்கும். போகுமுன் காவலாளியிடம் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் ‘கல்லறையில் சரியாக இரவு 8 மணிக்கு வெளிச்சம் தெரிகிறதாமே?’ என்று அடுத்த இதழுக்குக் கேள்வி வரும்.