பதில்: ஹோசல் அடியில் வரும் ஓட்டைகள்

17-4 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வார்த்த கோல்ஃப் அயர்ன் ஹெட்களில் (மட்டையின் தலைப்பகுதி), பாலிஷ் போட்டபின் ஹோசல் (மட்டையின் தண்டு செருகும் குழல்) அடியில் மட்டும் ஓட்டை தெரிகிறது என்று எழுதியிருந்தீர்கள். உலோகத்தைக் குறை சொல்லும் முன் ஒரு ஹெட்டை அந்த இடத்தில் அறுத்து, லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஓட்டை உருண்டையாக, உட்சுவர் வழவழவென்று இருந்தால் வாயு. மெழுகு மாதிரியின் மேல் கட்டிய செராமிக் ஓடு (வார்ப்பு அச்சு) சரியாகச் சுடப்படாமல் மெழுகின் மிச்சம் தங்கியிருக்கலாம். கோணல்மாணலாக, உள்ளே சொரசொரவென்று இருந்தால், உலோகம் உறையும்போது சுருங்கி விழுந்த சுருக்கக் குழி.

எனக்கென்னவோ இது சுருக்கம்தான் என்று படுகிறது. ஹோசலும் பிளேடும் (பந்தை அடிக்கும் தட்டைப் பகுதி) சேரும் அந்தத் தடித்த இணைப்புதான் கடைசியில் உறையும். உங்கள் கேட் (உருகிய உலோகம் உள்ளே போகும் வழி) டோ பக்கம், அதாவது ஹோசலுக்கு எதிர்முனையில், இருக்கிறது. நடுவிலுள்ள மெல்லிய பிளேடு முதலில் உறைந்து வழியை அடைத்துவிடும், அப்புறம் அங்கே உருகிய உலோகம் எப்படிப் போய்ச் சேரும்? கேட்டை ஹோசல் இருக்கும் ஹீல் பக்கத் தடிப்புக்கே மாற்றி, அந்த இணைப்பைவிடப் பருமனாக வையுங்கள். ஓட்டின் மேல் கேட்டைச் சுற்றி செராமிக் ஃபைபர் போர்த்தினால் இன்னும் நல்லது. ஊற்றும் வெப்பத்தை அதன் பிறகு தொடலாம்.

ஓட்டையைத் தட்டி மூடி மட்டும் அனுப்பிவிடாதீர்கள், ப்ளீஸ். லாஃப்ட் (அடிக்கும் முகத்தின் சாய்வு), லை (தண்டு தரையோடு சேரும் கோணம்) சரிசெய்ய வளைப்பது ஹோசலைத்தான். விரிசல் அங்கேதான் தொடங்கும்.