வால் வழுக்கினால் பெரிய ஃபின் வாங்க வேண்டுமா?

கேள்வி: ஸ்லாலம் விண்ட்சர்ஃப் பலகையில், அதாவது பாய் பொருத்திய வேகப்பந்தயப் பலகையில், பழகுகிறேன். பலகை நீர்மேல் எழும்பி வேகமெடுக்கத் தொடங்கும்போது அதன் வால், அதாவது பின்முனை, திடீரெனப் பக்கவாட்டில் வழுக்குகிறது. வாலுக்கு அடியில் நீருக்குள் நிற்கும் தகடான ஃபின் சிறியதாக இருப்பதாலா? பெரியது வாங்கட்டுமா?

பதில்: இப்போது வாங்காதீர்கள். எப்போது வழுக்குகிறது என்று நீங்கள் சொன்னதிலேயே காரணம் தெரிகிறது.

பாய் உங்களை முன்னே இழுப்பதோடு பக்கவாட்டிலும் தள்ளுகிறது. அந்தத் தள்ளலைத் தாங்குவது ஃபின். அதன் இரு முகமும் ஒரே வடிவம். நீரை நேராகக் கிழித்தால் பக்கவிசை பிறக்காது. பலகை தன் முனை காட்டும் திசையிலிருந்து சில பாகை விலகி நகர்ந்தால்தான் பிறக்கும். விசையோ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) வேகத்தில் 2 பாகை போதுமென்றால், அதே விசைக்கு 10 நாட் வேகத்தில் 8 பாகை வேண்டும். அந்த நேரத்தில் பின்காலை ஓங்கி மிதித்தால் கோணம் எல்லை மீறும். ஃபின்னில் காற்று வரும் பக்கத்து முகத்தில் அழுத்தம் சரியும்; நீர்மட்டத்திலிருந்து காற்று உள்ளே உறிஞ்சப்படும். நீரின் அடர்த்தி காற்றைப் போல ஏறக்குறைய 800 மடங்கு. பிடி நொடியில் போய்விடும்.

பலர் இதைக் கேவிட்டேஷன் என்பார்கள், அது வேறு. அங்கே அழுத்தம் தாழ்ந்து நீரே ஆவியாகிறது. ஃபின் முகத்தில் அழுத்தம் எவ்வளவு சரியும் என்பதற்கு அளவுகோல், ஓடும் நீரின் வேகத்தால் வரும் இயக்க அழுத்தம். அது 20 நாட் வேகத்தில் வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழப் பாதி. 40 நாட் வேகத்தில் இரண்டு மடங்குக்கு மேல். நமீபியாவின் லூடரிட்ஸ் கால்வாயில் 2015இல் பிரெஞ்சு விண்ட்சர்ஃப் வீரர் ஆந்துவான் அல்போ தொட்ட 53.27 நாட் போன்ற வேகங்களில்தான் கேவிட்டேஷன் பெருங்கவலை. உங்களுக்கு இல்லை.

பாயையும் கவனியுங்கள். புறப்படும்போதே இறுக்கி இழுத்தால் காற்று பாயைத் தழுவி ஓடாமல் பிரிந்துவிடும். முன்விசை குறையும், பக்கத் தள்ளலின் பங்கு கூடும். அந்தச் சுமையும் ஃபின் தலையில்தான். பாயைச் சற்றுத் தளர்த்தி, உடல் எடையை ஹார்னஸ் (உடலில் கட்டிப் பாயோடு கொக்கியால் மாட்டும் பட்டை) வழியாக மாஸ்ட் எனும் பாய்மரத்தின் அடிக்கு இறக்கி, வேகம் வந்தபின் பின்காலை அழுத்துங்கள். ஃபின்னின் முன் விளிம்பை விரலால் தடவியும் பாருங்கள். அதிலுள்ள சிறு கீறல்கூட நீரோட்டத்தை ஃபின்னிலிருந்து சீக்கிரம் பிரித்துவிடும். என் அனுபவத்தில் பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

பெரிய ஃபின் புறப்படும்போது உதவும், மறுக்கவில்லை. ஆனால் முழு வேகத்தில் இழுவையைக் கூட்டும். பலகையின் ஓரத்தைத் தூக்கிக் கட்டுப்பாட்டையும் கெடுக்கும். இவற்றைச் சரிசெய்தும் வழுக்கினால், அதுவும் பெரிய பாய் கட்டும் நாட்களில் மட்டும் என்றால், அப்போது ஓர் அளவு பெரியதுக்குப் போகலாம்.

வழுக்கிவிட்டால் எதிர்த்து மிதிக்காதீர்கள். பின்கால் எடையை விட்டு, வாலை உங்களுக்கு அடியில் இழுத்து, பலகையைக் காற்று வரும் திசையைவிட்டுச் சற்றே விலக்குங்கள். கோணம் குறைந்ததும் நீர் ஃபின்னோடு மறுபடி ஒட்டிக்கொள்ளும்.