டப்ஸ்டெப் – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் தங்கை மகன் கோவையில் பொறியியல் படிக்கிறான். விடுமுறைக்கு வந்திருந்தபோது டப்ஸ்டெப் என்ற இசையைத் தன் போனில் போட்டுக் காட்டினான். தொடக்கத்தில் மெல்லிய மெட்டு ஒன்று வந்தது. அரை நிமிடம் கடந்ததும் அது நின்றுபோய் ஓர் இயந்திரச் சத்தம் எழுந்தது. பிறகு கடைசிவரை அதுதான். கர்நாடக இசையும் திரையிசையும் கேட்டு வளர்ந்த எனக்கு இதில் பிடித்துக்கொள்ள எதுவும் கிடைக்கவில்லை. தாளம்கூட ஒரு கணம் விரைவாகவும் மறுகணம் மந்தமாகவும் தோன்றுகிறது. இதை இசை என்று கொள்ளலாமா? கணினி வைத்திருக்கும் எவரும் செய்துவிடக்கூடியதுதானே? கேட்டுப் பார்ப்பதென்றால் எங்கிருந்து தொடங்குவது?

ஆர்.

அன்புள்ள ஆர்,

நீங்கள் விவரிப்பதை வைத்துப் பார்த்தால், உங்கள் மருமகன் போட்டுக் காட்டியது டப்ஸ்டெப்பின் பிற்கால அமெரிக்க வடிவமாக இருக்க வேண்டும். அந்த வகையில் பெரும்பாலானவற்றை நானும் விரும்பிக் கேட்பதில்லை. ஆனால் உங்களுக்கு எதுவும் பிடிபடாமல் போனதற்கு அது மட்டும் காரணமில்லை. நீங்கள் அதைப் போனில் கேட்டிருக்கிறீர்கள். டப்ஸ்டெப்பின் உயிர் ஏறத்தாழ 30 முதல் 60 ஹெர்ட்ஸ் வரையிலான மிகத் தாழ்ந்த ஒலிகளில் இருக்கிறது. போனின் ஒலிபெருக்கியால் அவற்றை எழுப்பவே முடியாது. பாட்டை எடுத்துவிட்டு மிச்சத்தை மட்டும் உங்களிடம் கொடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

50 ஹெர்ட்ஸ் ஒலியலை ஒன்றின் நீளம் காற்றில் ஏறத்தாழ 7 மீட்டர். அத்தகைய அலையை வலுவாக எழுப்ப அகன்ற ஒலிபெருக்கிகளும் மிகுந்த மின்திறனும் வேண்டும். மனிதக் காது தாழ்ந்த ஒலிகளுக்கு அவ்வளவு கூர்மையானதல்ல என்பதால், அவை கேட்க வேண்டுமென்றாலே மற்ற ஒலிகளைவிட மிக அதிக ஆற்றலுடன் ஒலிக்க வேண்டும். அந்த அளவை எட்டும்போது ஒலி நெஞ்சுக்கூட்டிலும் வயிற்றிலும் உணரப்படுகிறது. இந்த அனுபவத்திற்காகவே, இருட்டான சிறிய அறைகளையும் பெரிய ஒலிபெருக்கிகளையும் மனத்தில் கொண்டு உருவாக்கப்பட்ட இசை இது.

இதன் வேர் ஜமைக்காவில் இருக்கிறது. கிங்ஸ்டன் நகரத் தெருக்களில் ஒலிபெருக்கிகளை அடுக்கி ஆட்டக் கச்சேரி நடத்தும் வழக்கம் 1950களிலேயே உண்டு. 1970களில் மின்கருவிகளைப் பழுதுபார்க்கும் தொழில் தெரிந்த கிங் டப்பி, ஏற்கெனவே பதிவான ரெகே என்ற ஜமைக்க இசைப் பாடல்களிலிருந்து குரலை நீக்கி, டிரம்மையும் பாஸ் எனப்படும் தாழ்ந்த ஒலியையும் முன்னே கொண்டுவந்து, எஞ்சியவற்றை எதிரொலிக்குள் தள்ளி, ஒலிக்கலவை மேசையையே ஓர் இசைக்கருவியாக ஆக்கினார். அந்த முறைக்கு டப் என்று பெயர். இரண்டாம் உலகப்போருக்குப் பின் கரீபியத் தீவுகளிலிருந்து பிரிட்டனுக்குக் குடியேறியவர்கள் இந்த ஒலிபெருக்கி மரபையும் உடன் கொண்டுசென்றார்கள். தென் லண்டனில் அது ஆழமாக ஊன்றியது. 1990களில் லண்டன் இளைஞர்கள் ஜங்கிள், கராஜ் என்று அடுத்தடுத்து உருவாக்கிய நடன இசைகளின் அடியில் ஜமைக்காவின் பாஸ் ஓடிக்கொண்டே இருந்தது.

கராஜ் இசை 2000-ஐ ஒட்டி விற்பனைப் பட்டியல்களில் ஏறி, பாடகிகளும் பளபளப்பும் நிறைந்ததாக மாறியது. அப்போது அதன் மறுபுறத்தில் சிலர், பின்னர் டப்ஸ்டெப் ஆன வேறொன்றைச் செய்துகொண்டிருந்தார்கள். எல்-பி, ஹார்ஸ்பவர் புரொடக்‌ஷன்ஸ் போன்றோர் கராஜிலிருந்து பாடலை அகற்றி, நெளிந்தோடும் டிரம் வடிவத்தையும் பாஸையும் மட்டும் வைத்துக்கொண்டார்கள். லண்டனின் தெற்கு விளிம்பில் இருக்கும் கிராய்டனில், சர்ரே ஸ்ட்ரீட்டில் பிக் ஆப்பிள் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டுக் கடை இருந்தது. ஹாட்சா என்ற டி.ஜே. அங்கே வேலை பார்த்தார். ஸ்க்ரீம், பெங்கா என்ற பெயர்களில் பின்னர் அறியப்பட்ட இருவர், அப்போது பதின்ம வயதினர், தாங்கள் கணினியில் செய்த இசையை அவரிடம் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவர்கள் பயன்படுத்திய ஃப்ரூட்டி லூப்ஸ் மென்பொருளைத் தொழில்முறை இசையமைப்பாளர்கள் அந்தக் காலத்தில் விளையாட்டுப் பொருளாகவே கருதினார்கள்.

இனி உங்களைக் குழப்பிய தாளத்துக்கு வருகிறேன். டப்ஸ்டெப்பின் வேகம் பொதுவாக நிமிடத்திற்கு 140 அடிகள். ஆனால் நான்கு அடிகள் கொண்ட ஒரு சுற்றில் ஸ்னேர் டிரம் மூன்றாவது அடியில் ஒரே ஒருமுறைதான் விழும். ஒரு ஸ்னேர் அடிக்கும் அடுத்ததற்கும் இடையில் ஏறத்தாழ 1.7 வினாடி கடந்துவிடும். ஆகவே உடல் அதை 70 அடி வேகமாக உணர்கிறது. இடையிடையே வரும் மெல்லிய உலோகத் தாளமோ 140-ஐ நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது. கர்நாடக இசை கேட்டவர் என்பதால் உங்களுக்கு இதைச் சொல்வது எளிது: கை கீழ்க்காலத்தில் தாளம் போட்டுக்கொண்டிருக்க, மேலே ஒரு குரல் மேல்காலத்தில் பாடுவதை நீங்கள் எத்தனையோ முறை கேட்டிருப்பீர்கள். மந்தமாகவும் விரைவாகவும் ஒரே நேரத்தில் தோன்றுகிறது என்று குறையாகச் சொன்னீர்கள். உங்கள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. இரண்டு அடிகளுக்கு நடுவே திறக்கும் அந்த வெற்றிடத்தில்தான் பாஸ் குடியிருக்கிறது.

இயந்திரச் சத்தம் என்று நீங்கள் குறிப்பிட்டது வாபிள் எனப்படும் உத்தி. ஒரு பாஸ் ஒலியை வடிகட்டி வழியாக அனுப்பி, அந்த வடிகட்டியை மெதுவான மற்றோர் அலையைக் கொண்டு திறந்தும் மூடியும் இயக்குவார்கள். திறக்கும்போது ஒலி பிரகாசமாகும், மூடும்போது மங்கும். அந்த வேகத்தைத் தாளத்தின் அரை, கால், மூன்றில் ஒன்று என்று மாற்றிக்கொண்டே போகலாம். நல்ல கையில் இது பாஸைப் பேசவைக்கிறது. மோசமான கையில் நீங்கள் கேட்டதாக ஆகிறது.

இந்த இசை வளர்ந்த இடங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2001-இல் லண்டனின் சோஹோவில் ஃபார்வர்ட் என்ற பெயரில் ஓர் இரவு நிகழ்ச்சி தொடங்கி, பின்னர் ஷோர்டிச்சில் பிளாஸ்டிக் பீப்பிள் என்ற சிறிய நிலவறை அரங்குக்கு மாறியது. ரின்ஸ் எஃப்.எம்., அப்போது உரிமம் இல்லாத திருட்டு வானொலி, இந்த இசையை நகரம் முழுக்கப் பரப்பியது. 2010-இல்தான் அதற்கு உரிமம் கிடைத்தது. மாலா, கோகி, லோஃபா ஆகிய இசைக்கலைஞர்கள் டி.எம்.இசட். என்ற பெயரில் 2005-இல் தென் லண்டனில் உள்ள பிரிக்ஸ்டனின் செயின்ட் மேத்யூ தேவாலயக் கட்டடத்தில் நிகழ்ச்சிகள் நடத்தத் தொடங்கினார்கள். பாஸின் எடையைத் தியானிக்க வாருங்கள் என்பதே அவர்களின் அழைப்பு. விளம்பர வாசகம்தான் என்றாலும், இந்த இசையைப் பற்றி எழுதப்பட்ட பல கட்டுரைகளைவிட அது பொருத்தமாக இருக்கிறது. 2006 ஜனவரியில் வானொலித் தொகுப்பாளர் மேரி ஆன் ஹாப்ஸ் பிபிசியின் ‘ரேடியோ 1’ வானொலியில் இவர்களில் பலரை ஒரே நிகழ்ச்சியில் அழைத்து வாசிக்கச் செய்த பிறகு, லண்டனுக்கு வெளியே இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த நாட்களில் ஒருவர் புதிய பாடலைச் செய்து முடித்ததும் அதை அசிடேட் பூசிய ஒற்றைத் தட்டில் வெட்டி எடுப்பார். டப்பிளேட் எனப்படும் அந்தத் தட்டு சில பத்து முறை ஓடினாலே தேய்ந்துபோகும். பாடல் கடைக்கு வரப் பல மாதங்கள் ஆகும், வராமலும் போகலாம். ஆகவே அதைக் கேட்க வேண்டுமென்றால் அந்த டி.ஜே. வாசிக்கும் இடத்துக்கே போக வேண்டும். பாஸ் இறங்கும் இடத்தில் கூட்டம் ஆரவாரித்தால் தட்டைப் பின்னோக்கிச் சுழற்றி முதலிலிருந்து மீண்டும் போடுவார்கள். சபையின் ஒப்புதலைப் பெற்ற பிறகே ஒரு பாடல் நிலைபெற்றது. இதுவும் ஜமைக்காவிலிருந்து வந்த வழக்கமே.

கணினி இருந்தால் யாரும் செய்துவிடலாமே என்ற உங்கள் கேள்விக்கு இங்கே பதில் சொல்லிவிடலாம். செய்யலாம்; ஆயிரக்கணக்கானோர் செய்தார்கள். ஆனால் ஒரு பாடலில் எதை நீக்குவது, எவ்வளவு நேரம் ஒன்றும் நடக்காமல் விட்டுவைப்பது என்ற முடிவுகளை மென்பொருள் எடுப்பதில்லை. மாலாவின் ஆக்கங்களையும் அவரைப் பின்பற்றியவர்களின் ஆக்கங்களையும் அடுத்தடுத்துக் கேட்டால், அதே கருவிகளிலிருந்து எவ்வளவு வேறுபட்ட பொருள்கள் பிறக்கின்றன என்பது சில நிமிடங்களில் விளங்கும்.

அமெரிக்கப் பகுதியைச் சுருக்கமாகவே சொல்கிறேன். வாபிளை முன்னுக்குக் கொண்டுவந்தவர்கள் கோகி, ரஸ்கோ போன்ற பிரிட்டன் கலைஞர்களே என்பதால், எல்லாப் பழியையும் அட்லாண்டிக்குக்கு அப்பால் தள்ளுவது நியாயமல்ல. (நம்மவரான பாடகி மாயா அருள்பிரகாசம், அதாவது எம்.ஐ.ஏ., 2010-இல் வெளியிட்ட தொகுப்பின் தயாரிப்பாளர்களில் ரஸ்கோவும் ஒருவர்.) லாஸ் ஏஞ்சலிஸைச் சேர்ந்த ஸ்க்ரில்லெக்ஸ், முன்பு ராக் குழுவில் பாடியவர், 2010-இல் அந்த ஒலியை இன்னும் மேலே, மடிக்கணினியிலும் கேட்கக்கூடிய நடு அலைவரிசைக்கு ஏற்றினார். 2012-இல் மூன்று கிராமி விருதுகள் பெற்றார். அவருடைய ஒலிநுட்பத் திறமையை நான் மறுக்கவில்லை. ஆனால் வெற்றிடம் போய்விட்டது. ஒவ்வொரு நொடியும் நிரப்பப்பட்ட பிறகு பாஸுக்கு எடை எங்கிருந்து வரும்?

தொடங்குவதற்கு மெட்டு உள்ள ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள்: ஸ்க்ரீம் 2005-இல் வெளியிட்ட ‘மிட்நைட் ரிக்வெஸ்ட் லைன்’. அடுத்து, மாலாவும் கோகியும் டிஜிட்டல் மிஸ்டிக்ஸ் என்ற பெயரில் செய்தவற்றில் ‘ஆன்ட்டி வார் டப்’. மூன்றாவதாக, பரியல் என்ற பெயரில் முகம் காட்டாமல் இயங்கியவரின் ‘அன்ட்ரூ’ என்ற 2007-ஆம் ஆண்டுத் தொகுப்பு. மழையும் பழைய இசைத்தட்டின் கரகரப்பும் சிதைக்கப்பட்ட குரல்களும் நிறைந்த அது, நடன அரங்கிலிருந்து வீடு திரும்புபவனின் இசை. 2008-இல் பிரிட்டனின் இசை விருதான மெர்குரி பரிசின் இறுதிப் பட்டியலில் அது இடம்பெற்றபோது, அதைச் செய்தவர் யார் என்று பத்திரிகைகள் தேடத் தொடங்கின. மூன்றில் உங்களுக்கு மிகவும் பிடிக்கப்போவது இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், குரல் இருப்பதால்.

போனில் மட்டும் வேண்டாம். உங்கள் மருமகனிடம் காதை முழுவதும் மூடும் ஹெட்போன் இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். நண்பர் எவரேனும் காரில் தாழ்ந்த ஒலிகளுக்கான சப்வூஃபர் ஒலிபெருக்கி பொருத்தியிருந்தால் இன்னும் நல்லது. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஒலியைக் கொஞ்சம் கூட்டிக் கேளுங்கள். கேட்டபின் எழுதுங்கள்.