வாசகர் கேள்வி – பதில்: எழுத்து விளையாட்டுக்கு யார் சேர்வர் தருவார்கள்?

கேள்வி: நாங்கள் ஆறு பேர் சேர்ந்து நான்கு வருடமாக ஒரு எழுத்து விளையாட்டு நடத்துகிறோம். படம் ஒன்றும் இல்லை. 'வடக்கே போ', 'கிணற்றை எட்டிப் பார்' என்று தமிழில் தட்டினால் அடுத்தது நடக்கும். விளையாடுகிறவர்களில் பாதிப்பேர் ஊரில், மீதிப்பேர் ரொறன்ரோவிலும் லண்டனிலும். இவ்வளவு நாளும் ஒரு நண்பர் வேலைசெய்யும் இடத்தின் பழைய சேர்வரில் ஓடியது, அடுத்த மாதம் அதை நிறுத்தப்போகிறார்கள். நாங்கள் இன்னும் படிக்கிறோம், மாதாமாதம் டொலரில் வாடகை கட்ட ஏலாது. யாராவது இலவசமாக இடம் தருவார்களா? எப்படிக் கேட்பது?
– சுன்னாகம் வாசகர்

பதில்: தருவார்கள். பயப்படாதீர்கள், நீங்கள் கேட்கப்போவது மிகச் சின்ன உதவி.

இந்த வகை விளையாட்டு தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இவற்றை 'மட்' என்பார்கள். முதலாவதை 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோய் ட்ரப்ஷா என்ற மாணவர் எழுதத் தொடங்கினார், ரிச்சர்ட் பார்ட்டில் அதை வளர்த்தார். அந்தக் காலத்துக் கணினியிலேயே ஓடிய சாமான் என்பதால் இன்றைய கணக்கில் இதற்கு வேண்டியது கொஞ்சம்தான். சீ என்ற நிரல் மொழியில் எழுதிய பழைய மட் என்றால், இருபது பேர் ஒரே நேரத்தில் விளையாடினாலும் சில பத்து எம்பி மெமரி போதும். பைத்தானில் எழுதியது என்றால் கொஞ்சம் கூடக் கேட்கும், அதுவும் பெரிதில்லை.

ஆகவே 'எங்களுக்கு ஒரு சேர்வர் தாருங்கள்' என்று கேட்காதீர்கள். அதைக் கேட்டவுடன் ஆட்கள் மாதக் கட்டணத்தை நினைத்துப் பின்வாங்குவார்கள். ஏற்கெனவே வாடகைக்கு லினக்ஸ் சேர்வர் வைத்திருப்பவர் நிறையப் பேர், அதில் முக்கால்வாசி சும்மா கிடக்கும். நீங்கள் கேட்கவேண்டியது அதில் ஒரு ஒதுக்குப்புறம்: சாதாரண பயனர் கணக்கு ஒன்று, 1024க்கு மேற்பட்ட ஒரு போர்ட் (வெளியிலிருந்து விளையாட்டுக்குள் வரும் எண்ணிட்ட வாசல்), 256 எம்பி மெமரி, இரண்டு ஜிபி டிஸ்க். 1024க்குக் கீழே போனால் ரூட் அனுமதி (சேர்வர் முழுவதையும் ஆளும் அதிகாரம்) வேண்டும், அதைத் தர எவருக்கும் மனம் வராது, வரவும் கூடாது.

எங்கள் ஊர்களில் சனசமூக நிலையத்துக்குக் காசு சேர்க்கிறபோது எப்படிக் கேட்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். 'உதவி செய்யுங்கோ' என்று சும்மா கேட்டால் ஒன்றும் வராது. 'வாசிகசாலைக்கு ஆறு கதிரை, ஒரு மேசை, ஒன்று இவ்வளவு' என்று எழுதி, போன வருடக் கணக்கையும் சேர்த்து அனுப்பினால் கனடாவிலிருந்து காசு வந்துவிடும். அதே மாதிரிக் கேளுங்கள். கடிதம் இப்படி இருக்கட்டும்:

'நாங்கள் நான்கு வருடமாக ஒரு தமிழ் எழுத்து விளையாட்டு நடத்துகிறோம். காசு வாங்குவதில்லை. உங்கள் சேர்வரில் ஒரு பயனர் கணக்கும் ஒரு போர்ட்டும் வேண்டும். ரூட் வேண்டாம். பிரச்சினை வந்தால் இன்ன இருவரைக் கூப்பிடலாம். நிறுத்த நினைத்தால் ஒரு மாதம் முன்னர் சொன்னால் போதும், நாங்கள் ஒழுங்காக வெளியேறுவோம்.'

கடைசி வசனத்தை விட்டுவிடாதீர்கள். கொடுக்கிறவரின் பெரிய பயம், ஒருமுறை தந்தால் காலம் முழுக்கத் தரவேண்டி வருமோ என்பதுதான். கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்தால் மனம் லேசாகும்.

யாரிடம்? முதலில் உங்கள் சொந்த விளையாட்டாளர்களிடம். ரொறன்ரோ, லண்டனில் இருப்பவர்களில் ஒருவராவது கணினித் துறையில் இருப்பார், அவரிடம் இப்படியொரு சேர்வர் இருக்கக்கூடும். அடுத்து, வேறு மட் நடத்துகிறவர்கள். மட் உலகத்தில் ஒருவருக்கொருவர் இடம் கொடுப்பது பழைய வழக்கம். ஊரில் யாழ் ஐடி ஹப் போன்ற தொழில்நுட்பக் கூட்டங்களுக்குப் போய் நேரில் கதையுங்கள், பத்து மின்னஞ்சலை விட ஒரு தேத்தண்ணிக் கதை பலன் தரும். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஓப்பன் சோர்ஸ் லாப் என்று ஒன்று இருக்கிறது, பல திறந்த மென்பொருள் திட்டங்களுக்கு இடம் கொடுக்கிறது. அப்படியான இடங்களில் முதலில் பார்ப்பது உங்கள் நிரலின் உரிமத்தை. டென்மார்க்கில் கோப்பன்ஹேகன் பல்கலைக்கழக மாணவர்கள் எழுதிய டிக்குமட் என்ற பழைய மட்டின் வழிவந்தது என்றால், அதன் பழைய உரிமம் இலாபம் பார்ப்பதைத் தடுக்கிறது. கேட்கப் போகமுன்னர் உங்களுடையது எந்த வழியில் வந்தது என்று பாருங்கள்.

கூகிள் கிளவுட் போன்றவற்றில் ஒரு சின்ன மெஷின் இலவசமாகக் கிடைக்கும், ஒரு ஜிபி மெமரி. ஆனால் அமெரிக்காவின் சில பிராந்தியங்களில் மட்டும், கடனட்டையும் கேட்பார்கள். தூரத்தால் கால் செக்கன் அளவு தாமதம் வந்தாலும் எழுத்து விளையாட்டில் உறுத்தாது. எனக்கு அதில் பிடிக்காதது, எல்லாம் ஒரே ஆளின் அட்டையிலும் கணக்கிலும் தொங்குவது.

இனி நான் உங்களிடம் கெஞ்சிக் கேட்பது ஒன்று. பல வருடங்களுக்கு முன் நானும் சிலரும் இப்படியொரு விளையாட்டு நடத்தினோம். இடம் தந்தவர் நல்ல மனிதர். அவர் வேலை மாறினார், சேர்வர் ஒரு இரவில் நின்றது, முகவரியும் அவருடைய டொமைனுக்கு (இணையப் பெயருக்கு) கீழேயே இருந்தது. எங்களிடம் இருந்த பிரதி எட்டு மாதம் பழசு. விளையாடியவர்களுக்கு நாங்கள் எங்கே போனோம் என்று சொல்லக்கூட வழி இல்லை. இன்னும் அது எனக்குக் கவலைதான்.

அதனால் சேர்வர் இரவலாக இருக்கட்டும், டொமைன் உங்கள் பெயரில் இருக்கவேண்டும். வருடத்துக்கு ஒருமுறை கட்டுகிற காசு, ஆறு பேர் பங்கு போட்டால் ஒரு கொத்துரொட்டிக் காசு வராது. இடம் மாறுவதற்கு முந்தின நாள் டிஎன்எஸ்ஸில் (டொமைன் எந்தச் சேர்வரைக் காட்டுகிறது என்ற பதிவில்) டிடிஎல்லை (அந்தப் பதிலை மற்றக் கணினிகள் நினைவில் வைத்திருக்கும் நேரத்தை) 300 செக்கனுக்குக் குறைத்துவிட்டால், மறுநாள் மாற்றியவுடன் சில நிமிடத்தில் எல்லோரும் புது இடத்துக்கு வந்துவிடுவார்கள். பிரதியை ஒவ்வொரு இரவும் எடுங்கள். எடுக்கமுன் விளையாட்டுக்குள் சேமிக்கும் கட்டளையைக் கொடுங்கள், இல்லையென்றால் பாதி எழுதிய கோப்புக் கிடைக்கலாம். ஒரு பிரதி லண்டனில், ஒன்று சுன்னாகத்தில். மாதம் ஒருமுறை அந்தப் பிரதியை உங்கள் மடிக்கணினியில் விரித்து, விளையாட்டை உண்மையில் இயக்கி, உள்ளே நுழைந்து பாருங்கள். இயங்காத பிரதி இருந்தும் பயனில்லை.

கேள்வி: சேர்வருக்கு ஏன் அலையவேண்டும்? வீட்டில் ராஸ்பெரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினி ஒன்றில் ஓடவிட்டால் என்ன?
– மானிப்பாய் வாசகி

பதில்: பழகிப் பார்க்க அருமையான வழி. ஆனால் பல வீட்டு இணைப்புகளில் உங்களுக்கென்று தனி பொது ஐபி முகவரி கிடையாது, பல வீடுகளுக்கு ஒன்றைப் பங்கிட்டுத்தான் தருகிறார்கள். அப்போது ரவுட்டரில் போர்ட்டை எவ்வளவு திறந்தாலும் வெளியிலிருந்து ஒருவரும் உள்ளே வர இயலாது. கரண்ட் போனால் என்ன ஆகும் என்று 2022க்குப் பிறகு நான் சொல்லத் தேவையில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய் மெமரி கார்ட் பழுதானால் எல்லாம் போய்விடும். பிரதி வைக்க அந்த ராஸ்பெரி பையைப் பயன்படுத்துங்கள், அதற்கு நல்லது.

கேள்வி: ஒருவர் தந்த, ஆர்ம் வகைச் சிப் உள்ள சேர்வருக்கு எங்கள் பழைய சீ நிரலை மாற்றினோம். தொடங்கும்போது ஒரு கோப்பை வாசித்தபடி அப்படியே நிற்கிறது. தமிழ்ப் பெயர்களும் பெட்டி பெட்டியாக உடைகின்றன, அது முன்னரும் இருந்தது.
– கொக்குவில் வாசகர்

பதில்: இரண்டும் வேறு வேறு நோய். லினக்ஸில் இன்டெல் வகை மெஷினில் 'சார்' (ஓர் எழுத்தை வைக்கும் மாறி வகை) என்பது குறியுள்ள எண், கழித்தல் எண்ணையும் வைக்கும்; ஆர்மில் குறியற்றது. பழைய நிரல் கோப்பின் முடிவை ஒரு 'சார்' மாறியில் வாங்கி −1 உடன் ஒப்பிட்டால், ஆர்மில் அது ஒருபோதும் பொருந்தாது, சுற்றிக்கொண்டே இருக்கும். தொகுக்கும்போது ஜிசிசி என்ற தொகுப்பிக்கு சைன்ட் சார் தெரிவைக் கொடுங்கள், நேரமிருந்தால் அந்த மாறியை 'இன்ட்' (முழு எண்) ஆக்குங்கள்.

எழுத்து உடைவது நீளத்தால். யுடிஎஃப்-8 என்ற எழுத்துச் சேமிப்பு முறையில் ஒரு தமிழ்க் குறியீடு மூன்று பைட். 'யாழ்' என்ற பெயரே ய, துணைக்கால், ழ, புள்ளி என்று 12 பைட் பிடிக்கும். 'யாழ்ப்பாணம்' 33. நிரல் 20 பைட்டில் வெட்டினால் ஒரு 'ப' பாதியில் அறுந்து பெட்டியாகத் தெரியும். எல்லைகளைக் குறைந்தது மூன்று மடங்காக்குங்கள், வெட்டினாலும் குறியீடு முடிகிற இடத்தில் வெட்டுங்கள்.

கேள்வி: இடம் தந்தவருக்கு விளையாட்டில் பெரிய வாளோ தனிச் சக்தியோ கொடுக்கலாமா?
– சுன்னாகம் வாசகர், மறுபடியும்

பதில்: வேண்டாம். மற்ற விளையாட்டாளர்களுக்கு மனக்கசப்பு வரும், டிக்கு உரிமத்திலும் சிக்கல் வரலாம். கோயிலில் ட்யூப் லைட்டிலும் மணியிலும் 'உபயம்' என்று எழுதுகிறோமே, அப்படி வரவேற்புத் திரையில் அவர் பெயரை ஒரு வரி போடுங்கள், அவர் சம்மதித்தால்.